ஏன் சட்டம் படிக்கிறேன் என்று ஒரு பக்கம்

மின் பொறியியல் கடைசி ஆண்டு. அடுத்து சட்டம் படிக்க விண்ணப்பிக்கிறேன். ஏன் சட்டம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள்.

இன்று எங்கள் ஊர் லூபோக் சீனாவில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் அதை அச்செடுத்தேன். பின்னால், அப்பா முன்பு வேலை செய்த தோட்டத்தின் கிராணி, ஆபீஸ் கிளார்க், நின்றிருந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. போனஸ் ஃபாரம் என்று சொல்லி, தோட்டத்து வீட்டைக் காலி செய்யும் கடிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிய ஆள்.

தாளை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "வயர் இழுக்கிற பையனுக்கு எதுக்குப்பா லாயர் வேலை?"

"நீங்கதான் அங்கிள் காரணம். படிங்க."

ஒரு பிரதியை நீட்டினேன். படித்ததும் குரல் இறங்கியது.

"பழசெல்லாம் எதுக்கு? என் பேர மட்டும் எடுத்துருலா, தம்பி."

"எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லுங்க."

அவர் பெயரோடே அனுப்பிவிட்டேன்.

நேர்முகத் தேர்வில் "பழிவாங்க" என்று சொன்னால் மார்க் குறைப்பார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.