தண்ணீர் லாரியும் நீலத் தொப்பியும்

அந்தக் கோடையில் இரும்புலியூரில் போர்வெல் எல்லாம் வற்றிவிட்டது. தண்ணீர் லாரிதான் எங்களுக்குக் குலதெய்வம். ராணுவத்தில் இருந்த என் கணவர் ஆப்பிரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே நம் நாடு அனுப்பிய அமைதிப்படையில், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு காவல் வேலை. ‘உலகத்துக்கே சமாதானம் பண்றவரு நம்ம தெருவுல இருக்காரு’ என்று தெரு பூரித்துப்போய், லாரி வந்ததும் வரிசையைப் பார்த்துக்கொள்ள அவரை இழுத்துக்கொண்டு போனது. அவரும் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மகளுக்கு அம்மை இறங்கி, வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள் அது. வீட்டில் குடிக்கத்தான் தண்ணீர் இருந்தது. என் முறை வந்தபோது முனை வீட்டுக்காரி தன் குடத்தை நுழைத்தாள். தெருவில் பாதி வீடு அவர்களுடையது, அந்தத் திமிர்.

“அக்கா, இது என் முறை.”

“இன்னாமா உன் முறை? புருசன் மிலிட்டரின்னா லாரி உன்னுதா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் நடுவில் வந்து நின்று, “ரெண்டு பேரும் பின்னாடி போங்க” என்றார். ரெண்டு பேருமாம்! நாங்கள் ஒதுங்கி நின்று சண்டை போட்டு முடிப்பதற்குள் லாரி காலி.

வீட்டுக்கு வந்து கத்தினேன். “கட்டின பொண்டாட்டியும் அடாவடி பண்றவளும் உங்களுக்கு ஒண்ணா?”

“எந்தப் பக்கமும் சேரக்கூடாதுன்னுதான் அங்க ஆர்டர்” என்றார். “ஒரு நாள் கேம்ப் வாசல்லயே, தண்ணி எடுத்துட்டு வந்த ஒரு பொண்ண துப்பாக்கிக்காரனுங்க இழுத்துட்டுப் போனானுங்க. அவ என்னைத்தான் பார்த்தா. மேலேருந்து ஆர்டர் வரல. நின்னுட்டேதான் இருந்தேன்.”

அந்த ஆர்டரைப் போட்டவன் கையில் கிடைத்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். காவலுக்கு என்று அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்கச் சொல்வதற்கு ஒரு படை, அதற்கு ஒரு தொப்பி. அதைப் பேப்பரில் பெருமை என்று வேறு எழுதுகிறார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

அடுத்த லாரிக்கும் வரிசையைப் பார்த்துக்கொள்ள அவரைக் கூப்பிட வந்தார்கள். “நான் தண்ணி பிடிக்கத்தான் வரேன்” என்று குடங்களோடு போய் வரிசையில் நின்றார். முனை வீட்டுக்காரி மறுபடி நுழைத்த குடத்தை ஒரு கையால் தடுத்து, “எங்க முறை, அக்கா” என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டாள்.

மகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க அந்தப் பொண்ணுக்கும் இவ்வளவுதான் பண்ணியிருக்கணும்” என்றார்.