நாலு பொட்டும் ஒரு சாணும்

1991இல் எனக்குப் பித்தப்பையில் கல். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கு அது புதிதில்லை. என் கணவரின் அண்ணன் மனைவிக்கு இரண்டு வருடம் முன்புதான் அதே பையை எடுத்திருந்தார்கள். அவளை நான் அக்கா என்பேன். வலது விலாவுக்குக் கீழே அவளுக்கு ஒரு சாண் தழும்பு. மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. பார்க்க வந்த பெண்களுக்கெல்லாம் தழும்பைக் காட்டுவாள், கற்களை ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் குலுக்கியும் காட்டுவாள்.

எனக்கு மூன்று மாதமெல்லாம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே செய்யும் லைன் வேலைக்கு எடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஷிப்டுக்குப் போகும் முதல் பெண் நான். அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

மெட்ராஸில் ஒரு டாக்டர் புதுமுறையில் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வயிற்றைக் காற்றால் உப்ப வைத்து, நாலு ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே பையைத் தொப்புள் வழியாக எடுப்பாராம். "உள்ள ரொம்ப ஒட்டிக்கிட்டிருந்தா, பழையபடி கிழிச்சுத்தாம்மா எடுக்கணும். அதுக்கும் கையெழுத்துப் போடணும்" என்றார். போட்டேன்.

"டிவி பாத்துக்கினே அறுப்பாரா? கரண்டு போனா இன்னாடி பண்ணுவாரு?" என்றாள் அக்கா.

மயக்கம் தெளிந்ததும் கை விலாவுக்குத்தான் போனது. நீளக் கட்டு இல்லை. நாலு சின்ன பிளாஸ்திரி. வலியெல்லாம் வலது தோளில். உப்பிய காற்று அப்படித்தான் படுத்தும் என்றார் நர்ஸ். மூன்றாம் நாள் பஸ் ஏறி வீடு வந்தேன். தலைகால் புரியாத பெருமை எனக்கு.

ரொட்டியும் பழமுமாகப் பார்க்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். "கொசு கட்ச்சா மாதிரி கீது. இதுக்கா ஆபரேசன்னு பேரு?" அக்காவும் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்னுது பழைய மாடல்க்கா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் யாருக்கும் தழும்பைக் காட்டவில்லை.

கம்பெனி டாக்டரிடம் உடல் பரிசோதனைக்குப் போனபோது துணைக்கு வந்தவளும் அவள்தான். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்த டாக்டர், "பித்தப்பை எடுத்தா மூணு மாசம் நிக்கிற வேலை கூடாதும்மா. அப்புறம் வா" என்று பேனாவை மூடினார். அப்புறம் என்றால் என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். புதுமுறை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவர் அதைப் பார்த்ததே இல்லை போலும்.

அக்கா எழுந்தாள். வேற்று ஆண் எதிரில் முந்தானையை இழுத்து இழுத்து மூடுகிறவள், புடவையை ஒதுக்கி விலாவைக் காட்டினாள்.

"மூணு மாசம் இதுக்கு சார். நல்லா பாத்துக்குங்க. இப்ப இவளுத பாருங்க."

டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, கை ஊன்றாமல் எழச் சொன்னார். எழுந்தேன். பேனாவைத் திறந்தார்.

திரும்பும் பஸ்ஸில், "அன்னிக்குச் சொன்னத மனசுல வெச்சுக்காதக்கா" என்று ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்காமல் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டினாள்.

"வடக்குப்பட்டு ரெண்டு. இவ கம்பெனில வேலைக்கு சேந்துக்கீறா."

யார், என்ன என்று கண்டக்டர் கேட்கவேயில்லை.