கரையில் ஒரு தூபி

தாவ்ரிக்கு யாரையும் நம்பத் தெரியாது. வாய்க்கொழுப்பில் சொல்லவில்லை; அவளுடைய தையல் கடைக்கு எதிரே பித்தான் விற்றுப் பிழைக்கிறவள் நான். சிரட்டைப் பித்தான் என்று சொல்லிக் கொடுத்தால் கடித்துப் பார்ப்பாள். பட்டு நூல்காரன் கண்ணெதிரேயே ஓர் இழையைக் கொளுத்தி, முடி கருகும் வாசனை வருகிறதா என்று முகர்வாள். எங்கள் ஒருஸ்ஸே சந்தையில் அவளை ஏமாற்றினவர் எவருமில்லை. எனக்கே அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

பள்ளிச் சீருடை தைத்தே தலை நரைத்தவள், திடீரென்று சொந்தமாக உடுப்பு வகை ஒன்று கொண்டுவரப் போவதாகச் சொன்னாள். விகாரைக்குப் போகும்போது அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே துணியில் உடுத்துவது. அதற்கு அடையாளமாக, மாமியாரின் அஸ்தி இருக்கும் குடும்பத் தூபியையே தேர்ந்தெடுத்தாள். புருஷன் வண்ணக்குக்கு அம்மா என்றால் உயிர். உடனே தலையாட்டிவிட்டான். தாகேயோ ஊர்ப் பக்கத்துத் தறிக்காரர்களிடம் நெய்யக் கொடுத்தார்கள்: பழுப்புப் பட்டு, கரையில் வரிசையாகப் பொன்னிறத் தூபிகள்.

பிச்சும் பென் பண்டிகையின் கடைசி நாளில் முன்னோருக்குச் சோறு படைக்க ஊரே விகாரையில் கூடும். அன்று குடும்பத்தோடு இதை உடுத்திக்கொண்டு போய் நடுக்கூடத்தில் உட்காருவது, மறுநாள் விற்பனையைத் தொடங்குவது என்று திட்டம். இதை நம்பிச் சீருடை வேலையை வேறொருத்திக்கு விட்டுக் கொடுத்துவிட்டாள். ஊருக்குப் பிடிக்காமல் போனால் திரும்பிப் போக அவளுக்கு இடமில்லை.

அதே கடையில் துணி வெட்டுகிறவள் மாலிஸ், வண்ணக்கின் தங்கை. அதிகம் பேசமாட்டாள். முதல் பாவாடையை வெட்டும்போது கத்திரியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, அம்மாவோட தூபி கீழ வேண்டாமே. மேல எங்கயாவது வைக்கலாம்."

"கரைன்னா கீழதான் வரும். தலையிலயா கட்டுவாங்க? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல. மனசுக்குச் சரியாப் படல, அதான்."

"தாமதப்படுத்தச் சொல்லி எந்தக் கடைக்காரன் அனுப்பினான்? அத சொல்லு மொதல்ல."

மாலிஸ் கத்திரியை எடுத்து வெட்டினாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு துணிப்பையோடு வெளியே போக ஆரம்பித்தாள். தாவ்ரிக்கு அது போதாதா? வேலையைப் போட்டுவிட்டு என் கடைக்கு வந்து, ஜிப் உருளைகளுக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தாள்.

"பை உப்பலாப் போகுது, உள்ள என்னமோ இருக்கு. பாத்தீங்களாக்கா?"

"யாருக்காவது சோறு கொண்டு போறாளோ என்னவோ."

"உங்களுக்கு என்ன குடுத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. "ரெண்டு வாழைப்பழம். தோலு இருக்கு, வேணுமா?"

தாவ்ரி சிரிக்கக்கூட இல்லை. அதன்பிறகு மாலிஸைத் துணியைத் தொட விடவில்லை. தைத்ததையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அளவு பார்க்கும்போது எல்லாரும் கண்ணாடி முன்னால் நின்றார்கள், திரும்பினார்கள், மறுபடி நின்றார்கள். நானும் பார்த்து அழகு என்றேன். அழகாகத்தான் இருந்தது.

பிச்சும் பென் காலையில் விகாரை வாசலில் அவர்கள் வந்து இறங்கியதும் தலைகள் திரும்பின. இரண்டு பெண்கள் தாவ்ரியின் பாவாடையைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாலிஸ் வந்தாள். வெறும் கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, மேலே போட்ட வெள்ளைத் துண்டில் தோளோரமாக அதே தூபி. ஊசி நூலால் கையாலேயே தைத்தது.

"பாத்தீங்களா?" தாவ்ரி என் காதருகே சீறினாள். "பையில போனது இதுதான். என் தூபியத் திருடிட்டா. நாளைக்கு எவன் கடையில தொங்குதுன்னு பாருங்க."

பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள். நடுக்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். எப்போதும்போலக் கால் இரண்டையும் ஒரு பக்கமாக மடக்கி, உள்ளங்கால் பின்னால் இருக்க. நான் தாவ்ரிக்குப் பின்வரிசையில் இருந்தேன். அவள் பாவாடைக் கரை மடிந்து பாதங்களுக்கு அடியில் போயிருந்தது. குதிகாலின் கீழே தூபி. பக்கத்தில் வண்ணக்கின் நீளச் சட்டைக் கரை, தூபிகளோடு, அவன் புட்டத்துக்கு அடியில் பரவிக் கிடந்தது. எந்தத் தாய்க்குச் சோறு படைக்க வந்தானோ, அந்தத் தாய்மேலேயே உட்கார்ந்திருந்தான். 

காலையில் பாவாடையைத் தொட்டுப் பார்த்த இரண்டு பெண்களும் கிசுகிசுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"வயித்தெரிச்சல்," என்றாள் தாவ்ரி, கூப்பிய கையை இறக்காமல்.

மாலிஸ் முழங்காலால் நகர்ந்து வந்தாள். தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து அண்ணியின் கால்களின்மேல் போட்டு மூடினாள். தாவ்ரி சட்டென்று திரும்பி, துண்டைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு புருஷன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கரையைப் பிடித்து இழுத்தாள். உடம்போடு ஒட்டிய பாவாடை, எழாமல் வராது. ஓதும்போது எழுவது எப்படி?

"தெரிஞ்சிருந்தும் ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே அண்ணி. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னுதான் கேட்டீங்க."

தாவ்ரி முன்னால் திரும்பிக்கொண்டாள். ஓதி முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. அதுவரை மாமியாரைக் காலின்கீழ் வைத்துக்கொண்டே அவள் கைகூப்பியிருந்தாள்.