வாசலில் ஒரு ஜோடி ஷூ

ஹெர்மீனாவுக்குச் சுத்தம் ஒரு வியாதி என்றே அந்தக் கட்டடத்தில் பேச்சு. வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போவது பிராகில் எல்லோருக்கும் வழக்கம்தான். இவள் அதில் ஒரு படி மேலே. டிராம் ஓட்டிக் களைத்து வரும் கணவனைக்கூட ஷூவோடு உள்ளே விட்டதில்லை. அவன் செத்த பிறகு சலவைக்கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்தாள். நாடு, விடுதலை என்றெல்லாம் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளிடம் வீட் என்ற இளைஞனைக் கொண்டுவந்து விட்டுப் போனாள் தங்கை. "ரெண்டே நாள்" என்றாள். அதற்குள் ஊரைப் பிடித்து ஆண்ட நாஜித் தலைவனின் காரில் குண்டு விழுந்தது. வீசியவர்களுக்கு வழிகாட்டியவன் இந்த வீட்தான். அடைக்கலம் கொடுப்பவர்களைக் குடும்பத்தோடு சுடுவோம் என்று தெருவெங்கும் சுவரொட்டி. அவனை வெளியே தள்ளவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. துணி அலமாரிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் அவன் கிடந்தான்; வெளியே இவள் கிடந்தாள்.

"எல்லாம் உன்னால" என்று உருளைக்கிழங்கை நீட்டும்போதெல்லாம் திட்டுவாள்.

"நாளைக்குக் காலையில கிளம்பிடுறேன்க்கா. கூட்டிட்டுப் போக ஆள் வருது" என்றான் அன்று. அவளுக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாளியை எடுத்து வீட்டையும் படிக்கட்டையும் கழுவித் தள்ளினாள்.

மதியம் கீழே லாரி நின்றது. பூட்ஸ் சத்தம் மாடி மாடியாக ஏறி வந்தது. வீட் இடுக்குக்குள் புகுந்தான். அலமாரியை நகர்த்தி மூடினாள். அப்போதுதான் நினைவு வந்தது. தரை காயட்டும் என்று இருந்த ஷூக்களையெல்லாம் கை தன் பாட்டுக்கு எடுத்து வாசலில் வரிசையாக வைத்திருந்தாள். அவனுடையதையும் சேர்த்து. படுபாவிக் கை.

கதவைத் திறந்தபோது ஜெர்மானிய அதிகாரி அந்த ஷூக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கூட வந்த உள்ளூர் போலீஸ்காரன் கேட்டான்: "தனியாத்தானே இருக்கீங்க? இந்த ஆம்பளை ஷூ யாரோடது?"



"என்னோடதுங்க" என்றது எதிர்வீட்டு வாசல். தபால் ஆபீஸ் குமாஸ்தா வெவெர்கா. கோஸ் வேகும் நாற்றம் தாங்கவில்லை என்று இவளோடு சண்டை போட்டுப் பல மாதமாகப் பேசாத மனிதர். "இந்தம்மா படி கழுவுச்சுன்னா அடுத்தவன் ஷூவையும் தூக்கி அந்தப் பக்கம் வெச்சிடும். சொன்னா கேட்டாத்தானே."

போடச் சொன்னான் அதிகாரி. வெவெர்காவின் கால் பெரிது. குனிந்து, மூச்சைப் பிடித்து, திணித்தார். நடக்கச் சொன்னான். கீழ்மாடி வரை இறங்கி ஏறினார்; முகம் சுளிக்கவில்லை. அதன் பிறகு இவள் வீட்டை ஒப்புக்குத்தான் பார்த்தார்கள். அலமாரியைத் திறந்து துணியைக் கலைத்துவிட்டு மேல்மாடிக்குப் போய், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டார்கள்.

லாரி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு வெவெர்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சோதனைக்கு வந்தவர்களை விட்டால், அவள் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அந்தத் தரையில் ஷூவோடு நின்றார். ஹெர்மீனா நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாதீங்க" என்றார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நான் ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலை. நீங்க மாட்டிக்கிட்டது பத்தாதுன்னு..." நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

அவள் மண்டியிட்டு நாடாவை அவிழ்க்கப் போனாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"விடுங்க. கீழ வாசல்ல காவலுக்கு ஒருத்தனை நிறுத்திட்டுப் போயிருக்கான். நாளைக்கு வேலைக்கு இதைப் போட்டுட்டுத்தான் நான் அவனைத் தாண்டணும். நாளன்னைக்கும்."

அப்படியென்றால் வீட் எதைப் போட்டுக்கொண்டு கிளம்புவான், அந்தக் காவலைத் தாண்டி எப்படிப் போவான் என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. தரையிலிருந்து எழ மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"அக்கா, போயிட்டாங்களா?"