தளர்த்திவிட்ட வயிற்றுப் பட்டி

என் வீட்டுக்காரர் ஜேம்ஸ் காப்பார் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கை கால் போனதைவிட எங்களைப் பயமுறுத்தியது மூச்சு. இருமக்கூட பலமில்லை. சளி நெஞ்சிலேயே தங்கிக் காய்ச்சலாகி, இரண்டு முறை மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாவது முறை வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார் டாக்டர்.

கிள்ளானில் எங்கள் வீட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மூச்சுப் பயிற்சி கொடுக்க கவிதா என்ற பெண் வந்தாள். அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, வயிற்றைச் சுற்றி அகலமான பட்டி ஒன்றை இறுக்கிக் கட்டினாள்.

"என்னம்மா, பிள்ள பெத்தவளுக்குக் கட்டுற பெங்கோங் மாதிரி இருக்கு?" என்றார் அவர்.

"அதேதான் அங்கிள். பிள்ளதான் இல்ல லா. ஒரே மூச்சில எண்ணுங்க."

பதினான்கு வரை எண்ணினார்.

எனக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. மூச்சுக்குத் திணறுகிறவர் வயிற்றை யாராவது இறுக்குவார்களா? அவள் கார் திரும்பியதும், சட்டைக்குள் கைவிட்டுப் பட்டியைத் தளர்த்திவிடுவேன். மற்ற நாட்களில் பேருக்குத்தான் கட்டினேன். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாத அவருக்கு அது தெரியாது. நான் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதுகிறவள். இதையும் எழுதினேன்.

அவள் இல்லாதபோது எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டவில்லை. நல்ல பேர் வாங்க அவரை வேகமாக எண்ணவைக்கிறாளோ? கடிகாரம் பிடித்துப் பார்த்தேன். வேகம் ஒன்றுதான். அப்படியானால் வேறு ஏதோ தந்திரம் செய்கிறாள் என்று என் சந்தேகம் கூடியது. சளியும் மறுபடி கட்டியது.

ஒரு வியாழக்கிழமை காலை சமையலறையில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னை ஏமாற்றுவது யார்? காட்டும்."

மறுநாள் கவிதாவை நிறுத்திக் கேட்பதற்காக, நாட்குறிப்பிலிருந்து எண்ணிக்கைகளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். ஒன்பது என்றிருந்த ஒவ்வொரு நாளிலும், பக்கத்தில் என் கையெழுத்து: 'பட்டி தளர்த்தினேன்', இல்லையென்றால் 'பேருக்குக் கட்டினேன்'. அவளைப் பிடிக்க எழுதியதில் நானே அகப்பட்டேன்.

ஓடிப்போய்ப் பட்டியை இறுக்கினேன். "எண்ணுங்க." பதினான்கு. "இப்ப இருமுங்க." கவிதா காட்டியிருந்தபடி விலாவுக்குக் கீழே உள்ளங்கைகளால் அழுத்தினேன். சளி வெளியே வந்தது.

"அடியே எஸ்தர், இத்தன நாளா இந்தக் கைய எங்க வச்சிருந்த?" என்றார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

கவிதாவிடமும் சொன்னேன். "அங்கிளோட வயித்துத் தசை வேல செய்யல ஆன்டி. அதுக்குப் பதிலாத்தான் பட்டி தாங்குது. நெறையப் பேரு அவுத்து விட்டுருவாங்க. ஆனா யாரும் எழுதி வைக்க மாட்டாங்க!" என்று சிரித்தாள்.

அந்த மூன்றாவது முறை வரவே இல்லை. போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸ் சபையில் அவர் பாட்டின் ஒரு வரியை ஒரே மூச்சில் பாடி முடித்தார். என் ஆண்டவருக்கு நன்றி. கால்கள் இன்னும் அசையவில்லை, அதற்கும் ஜெபிக்கிறேன். நீங்களும் உங்கள் சந்தேகத்தோடேயே ஆண்டவரிடம் போங்கள். பதில் உங்களையே சுட்டிக்காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.