டிராகன் ராஜ்யத்துக்கு ஒரு விண்ணப்பம்

நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கும் நண்பர்களே, இன்று மதியம் என் வீட்டு மாடியில் நடந்தது இது.

பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த மாமா மகன் கொடுத்த பகடை விளையாட்டுக்காக, மூன்று மாதமாக மில் ஷிப்ட் முடிந்து வந்து ஓர் உலகத்தை வரைந்தேன். அங்கே ஆள்வது டிராகன்கள். விளையாடுகிறவர்கள் வீரர்களாகி அவற்றை எதிர்க்க வேண்டும்.

உடன் வேலை பார்க்கும் செல்வராசும் அவன் தங்கை கலாவும் வந்தார்கள்.

"ஊர் வாசல்ல டிராகன் நிக்குது. என்ன பண்றீங்க?" என்றேன்.

செல்வராசு பகடையைத் தொடவே இல்லை. "இதுக்கு முன்னாடி யாரு ஆண்டாங்க?"

"மனுஷங்கதான்."

"அப்ப ஆட்சி மாறினதும் யார் எந்த நாட்டுப் பிரஜைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லியிருப்பாங்களே. டயம் இன்னும் இருக்கா?"

"டேய், கத்திய எடுடா."

"பிரெஞ்சுக்காரன் நம்ம ஊர விட்டுப் போனப்ப, பிரெஞ்சுப் பிரஜையாவே இருக்கேன்னு எழுதிக் குடுக்க எங்கப்பாவுக்கு ஆறு மாசம் டயம் குடுத்தாங்க. யோசிச்சிக்கிட்டே இருந்து விட்டுட்டாரு. எழுதிக் குடுத்த சித்தப்பா இன்னிக்கு பிரான்ஸ்ல இருக்காரு. நான் விடமாட்டேன்."

அதற்குள் கலா, என் வரைபடத்தின் பின்பக்கத்தில் 'உயர்திரு டிராகன் அவர்களுக்கு' என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் வரை ஒரு நெருப்புப் பொறிகூடப் பறக்கவில்லை. கடைசியில் டிராகன் சார்பில் நானே விண்ணப்பங்களை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். செல்வராசு மில்லில் சொல்லி, நாளைக்கு இன்னும் நாலு பேரை அழைத்து வருகிறானாம்.

உங்களில் டிராகனோடு சண்டை போட யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பெயர் எழுதுங்கள். மற்றவர்கள் இரண்டு ஃபோட்டோ கொண்டுவரவும்.