பக்கத்துக் கூண்டின் கஷ்டம்

பல்கலைக்கழகத் துறையில் எல்லோரும் அவனை எலிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதற்கும் மேலே ஆராய்ச்சி. "ஊரே எலியை ஒழிக்க வழி தேடுது, நீ அதுக்கு மனசு சரியில்லைன்னு பக்கத்துல உட்கார்ந்திருக்கியா?" என்று அப்பா சிரிப்பார். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடம், "என் பையன் மனச்சோர்வுக்கு மருந்து தேடுறான்" என்று சொல்லாமல் இறங்கமாட்டார்.

வேலை என்னவோ பாவப்பட்ட வேலைதான். ஓர் அறையில் இருக்கும் எலிகளுக்குத் தினமும் ஏதாவது ஒரு தொல்லை. கூண்டைச் சாய்த்து வைப்பான். படுக்கைத் தூளை நனைத்துவிடுவான். விடிய விடிய விளக்கை எரியவிடுவான். அடுத்து என்ன வரும் என்று எலிக்குத் தெரியக்கூடாது. சில வாரங்களில் அது சோர்ந்துபோகும். வெறும் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்தால் இனிப்பைத் தேடிப் போகாது. எதிர் அறையில் இருப்பவை தொல்லையே அறியாத எலிகள். அவை இனிப்பை விடுவதே இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். இதுதான் அவனுடைய ஆராய்ச்சி, அவனுடைய பட்டம், எல்லாம்.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போய்த் திரும்பியவனுக்குப் பகீரென்றது. எதிர் அறை முழுக்க நாற்காலிகள். நிம்மதி எலிகள், தொல்லை எலிகளின் அலமாரியிலேயே குடியேறியிருந்தன.

"சார்தான் மாத்தச் சொன்னாரு. விழாவுக்கு வாங்கின நாற்காலியை வைக்க இடமில்லையாம்" என்றாள் கூண்டு கழுவும் அக்கா. "தம்பி வந்து குதிக்குமேன்னேன். குதிக்கட்டும்னுட்டாரு."

குதிக்கத்தான் போனான். பேராசிரியர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தக் கூண்டை நனைச்சாங்களா? சாய்ச்சாங்களா? இல்லைல்ல? பக்கத்து வீட்டுக் கஷ்டமெல்லாம் எலிக்குத் தெரியுமாப்பா? போய் டெஸ்ட்டைப் போடு."

போட்டான். நிம்மதி எலிகளிலும் முக்கால்வாசி இனிப்பைச் சீண்டவில்லை. பக்கத்துக் கூண்டின் கீச்சு, மிரண்ட எலியின் நாற்றம், அணையாத அதே விளக்கு. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பேராசிரியர் தாளைப் பார்த்தார். "நிம்மதி எலியில இனிப்பைத் தொடாததை மட்டும் கணக்குலேருந்து எடுத்துடு. வித்தியாசம் தானா வந்துடும்."

அவனுக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. "படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாம எங்கேயோ ஒருத்தர் கிடக்காங்க சார். இந்தப் பொய்யை நம்பி அவங்களுக்கு மாத்திரை கொடுப்பாங்க."

"வசனம் பேசாதே. மறுபடி முதல்லேருந்துன்னா இன்னொரு வருஷம் போகும். உங்கப்பா தாங்குவாரா?"

"எங்கப்பாவை இழுக்காதீங்க. நான் மருந்து தேடுறேன்னுதான் அவர் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு, ஏமாத்துறேன்னு இல்ல."

விறுவிறுவென்று எதிர் அறைக்குப் போனான். ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து பேராசிரியர் அறை வாசலில் டமாரென்று போட்டான். அதன்மேல் இன்னொன்று. "வேணாம் தம்பி" என்று கையைப் பிசைந்த அக்கா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு கைக்கு ஒன்றாக இழுத்து வந்தாள்.

வாசல் மறைந்தது. உள்ளே இருந்து கத்தல் வந்தது: "டேய்! நான் எப்படிடா வெளியே வர்றது?"

"எலிக்கு அறை காலியாகட்டும் சார்" என்றான், அடுத்த நாற்காலியை அடுக்கியபடியே. "அதுவரைக்கும் உட்காருங்க. நாற்காலிக்கா பஞ்சம்?"